கித்துள் பானையும் பியர்க் குழாயும்

நான் சிறுவனாக இருந்த காலத்தில் பியர் மலையில் காய்ச்சப்பட்டது, கள் கடற்கரையிலிருந்து வந்தது. 1881ஆம் ஆண்டு முதல் பெயர் சொல்லப்படும் சிலோன் புரூவரி நுவரெலியாவில் லயன் பியரைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. தெமோதரைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்துக் கள்ளுக்கடைக்கோ, களுத்துறைப் பக்கத்துத் தென்னங்கள் பீப்பாய்களில் லொறி ஏறி வந்தது. மலையில் பிறந்த பியர் துரைமாரின் கிளப்புக்குப் போனது. மலையில் பிறந்த எங்கள் அப்பன்மார், கீழ்நாட்டிலிருந்து வளைவு வளைவாகக் குலுங்கி வந்து புளித்துப்போன கள்ளுக்கு வரிசையில் நின்றார்கள்.

இன்று எல்ல நகரத்து வீதியில் மாலை ஐந்து மணிக்குமேல் நடந்து பாருங்கள். ஒன்பது வளைவுப் பாலத்தையும் சின்ன சிவனொளிபாதத்தையும் பார்த்துவிட்டு வந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் பார்களின் மாடிகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு மேசையிலும் நுரை பொங்கும் கிளாஸ். அந்தப் பியர் இப்போது மலையில் காய்ச்சுவதில்லை, கொழும்புக்குப் பக்கத்துப் பியகமையிலிருந்து லொறியேறி வருகிறது. மலையேறி வரும் சரக்கு மாறிவிட்டது. குடிப்பவர்களும் மாறிவிட்டார்கள். தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்துக்குக் கிடைப்பது மட்டும் அன்றைக்கும் மோசம், இன்றைக்கு அதைவிட மோசம்.

குடியைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. லயத்தில் வளர்ந்தவனுக்கு அப்படி மனம் வராது. சம்பளம் போடும் பத்தாம் திகதி இரவுகளில் எத்தனை வீடுகளில் உலை ஏறாமல் கிடந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீடும் அதிலொன்று. ஆனால் ஓய்வு பெறும்வரை பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவன் என்ற முறையில் இன்னொன்றையும் கண்ணால் கண்டிருக்கிறேன். எங்கள் ஆட்களைக் கெடுத்தது குடி மட்டுமல்ல, குடிக்கக் கொடுத்த பொருளின் தரமும்தான். பீப்பாய்க்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் யாரும் அந்தப் பீப்பாயைப் பொறுப்பெடுக்கவில்லை.

பியர் முதலில் மலையேறியதற்குக் காரணம் குளிர். பியரை நொதிக்கவைக்கும் மதுவம் (ஈஸ்ட்) உயிருள்ளது. சீனியைத் தின்று எதனோலையும் காபனீரொட்சைட்டையும் வெளிவிடும்போது வெப்பத்தையும் விடுகிறது. தொட்டி சூடாகிவிட்டால் அதன் வேலை தாறுமாறாகி, தொண்டையைச் சுடும் கனமான அற்ககோல்களும் வேண்டாத வாசனைகளும் சேர்ந்துவிடும். குளிரூட்டும் இயந்திரம் வராத காலத்தில் வெள்ளைக்காரனுக்கு மலைதான் குளிரூட்டி. இமயமலைச் சரிவில் கசௌலியில் எட்வர்ட் டயர் மதுவாலை தொடங்கியதும், 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவைத் தெரிவு செய்ததும் ஒரே கணக்கில்தான். பிறகு ஜெர்மனியில் கார்ல் வொன் லிண்டே குளிரூட்டும் இயந்திரத்தைச் செய்தார். அதை முதலில் ஆர்வத்தோடு வாங்கியவர்கள் பியர்க்காரர்கள். அதற்குப் பிறகு பியருக்கு மலை தேவைப்படவில்லை, சந்தையும் துறைமுகமும்தான் தேவைப்பட்டன. எங்கள் நாட்டில் அது நடந்து முடிய 1990களின் பிற்பகுதி ஆகிவிட்டது. நுவரெலியாவில் காய்ச்சிய லயன் ஸ்டவுட்டை மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கிலேய பியர் எழுத்தாளர் குடித்துப் பார்த்து உலகத்துக்கெல்லாம் சொன்ன பெருமையோடு, வேலை பியகமைக்கு இறங்கியது. 2016 மே மாதம் பெய்த பெருமழையில் அந்தத் தொழிற்சாலைக்குள் வெள்ளம் புகுந்து மாதக்கணக்கில் வேலை நின்றபோது, மலையிலிருந்த பார்களும் வெறும் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தன. முன்னொரு காலத்தில் பியர் மலையில் காய்ச்சப்பட்டது அப்போதாவது யாருக்காவது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

கள்ளுக்கடைக் கதைக்கு வருகிறேன். பாளையிலிருந்து சொட்டும்போது தென்னம்பாலில் இருப்பது பெரும்பாலும் சீனி. காற்றிலும் பானையிலும் உள்ள மதுவங்கள் உடனே வேலையைத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் நான்கு, ஐந்து வீதம் எதனோல் வந்துவிடும். அதோடு நிற்பதில்லை. இலக்ரிக் அமிலம் செய்யும் பற்றீரியாக்கள் கூடவே பெருகும். ஒரு நாள் தாண்டினால் அசற்றிக் அமிலம் செய்யும் பற்றீரியா எதனோலையே வினாகிரியாக்கத் தொடங்கும். களுத்துறையில் அதிகாலை இறக்கிய கள் தெமோதரைக்கு வந்து சேரும்போது எந்தக் கட்டத்தில் இருக்கும் என்று கணக்குப் போட விஞ்ஞானம் படித்திருக்கத் தேவையில்லை. புளிப்பை மறைக்கச் சீனி போடுவார்கள், சீனி போட்டதும் மறுபடி பொங்கும், அளவு குறைந்தால் தண்ணீர் விடுவார்கள். 1975இல் தோட்டங்கள் அரசுடைமையானபோது துரை மாறினார், பெயர்ப்பலகை மாறியது, கள்ளுக்கடைப் பீப்பாய் மாறவில்லை. அடுத்த நாள் காலைப் பெரட்டில் வேலைக்கு வராதவர்களின் வயிறு ஏன் அப்படிப் போனது என்று யாரும் கேட்கவில்லை. குடிகாரன் என்ற ஒரு சொல்லோடு விசாரணை முடிந்தது.

அதே காலத்தில், தோட்டத்து எல்லைக்கு அடுத்த கிராமத்தில், ஒருவர் கித்துள் மரம் ஏறிக்கொண்டிருந்தார். சிங்களவர். நாங்கள் பிள்ளைகள் அவரை மாமே என்று கூப்பிடுவோம். தமிழ்நாட்டில் கூந்தற்பனை என்று சொல்லும் அந்த மரம், ஊவாவின் ஓடைக்கரைகளில் யாரும் நடாமலே வளர்வது. அம்மா அப்பத்துக்கு மா புளிக்கவைக்க அவரிடம்தான் கொஞ்சம் கள் வாங்கி வரச் சொல்வார். கடைக் கள் விட்டால் அப்பம் கசக்கும், மாமேயின் கள் விட்டால் ஓரம் மொறுமொறுவென்று நடுவில் பஞ்சாக எழும்பும். இதுவே ஒரு தரப் பரிசோதனை என்று பின்னாளில் விளங்கியது.

அவரிடம் இரண்டு விதமான பானைகள் இருந்தன. இரண்டையும் அவர் ஒருநாளும் மாற்றமாட்டார். பாணிக்கும் கருப்பட்டிக்கும் உரிய பானையை வெந்நீரில் கழுவி, அடுப்புக்கு மேலே புகையில் கவிழ்த்து வைப்பார். மரத்தில் கட்டுமுன் அதற்குள் ஹல் மரத்துப் பட்டைத் துண்டுகளைப் போடுவார். அந்தப் பட்டை நொதித்தலைத் தாமதப்படுத்தும். மறுநாள் காலையில் இறக்கும்போது பால் இனிப்பாகவே இருக்கும், அதைக் காய்ச்சினால் பாணி. கள்ளுக்கு உரிய பானையை அப்படிக் கழுவமாட்டார். முதல்நாள் கள்ளை வடித்துவிட்டு, அடியில் ஒட்டியிருக்கும் வெண்மண்டியைக் கொஞ்சம் விட்டுவைப்பார். நான் பானைக்குள் விரலை விட்டதற்கு ஒருமுறை கையில் அடித்தார். சிங்களத்தில் அவர் சொன்னதன் பொருள், அதில் இருப்பது நாளைய கள், உன் விரல் அழுக்கு அதற்கு வேண்டாம் என்பதுதான்.

அந்த மண்டிதான் மதுவம். பிற்காலத்தில் கற்றுக்கொண்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. லூயி பாஸ்டர் 1876இல் பியரைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதி, கெட்டுப்போன பியரில் இருப்பது வேறு நுண்ணுயிர் என்று காட்டினார். கோப்பன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் ஆய்வுகூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883இல் ஒரே ஒரு மதுவக் கலத்திலிருந்து முழுத் தொட்டிக்கும் வேண்டிய தூய மதுவத்தை வளர்த்தெடுத்தார். அந்த மதுவாலையின் முதலாளி யாக்கப்சன் அதைப் பூட்டி வைக்கவில்லை, மற்ற மதுவாலைகளுக்கும் கொடுத்தார். நல்ல மதுவத்தைப் பேண வேண்டும், கெட்டதை உள்ளே விடக் கூடாது, வேண்டாத இடத்தில் நொதித்தலை நிறுத்தத் தெரிய வேண்டும். இன்றைக்குச் சிறு மதுவாலை தொடங்குகிறவனுக்குச் சொல்லும் முதற் பாடம் இவை மூன்றும்தான். தொட்டியில் பாதி நாள் செய்வது பியர் அல்ல, கழுவுதல். மாமே அதைப் பானையிலேயே செய்தார். அவருக்கும் எங்கள் லயத்துக்கும் நடுவில் இருந்தது ஒரு முட்கம்பி வேலி மட்டுமே. ஆனால் தோட்டத்துக்குச் சட்டப்படி வந்தது நூறு மைலுக்கு அப்பாலிருந்து வந்த பீப்பாய்.

எல்லவில் இப்போது என் பழைய மாணவன் ஒருவன் பாரில் வேலை செய்கிறான். தெமோதரைப் பக்கத்து லயத்தில் பிறந்தவன். அவன் குடிப்பதில்லை. அப்பாவைப் பார்த்தது போதும் என்று சொல்வான். ஆனால் அந்த வீதியில் பியரைப் பற்றி அவனளவுக்குத் தெரிந்தவர்கள் குறைவு. ஒருநாள் பகலில், வாடிக்கையாளர் இல்லாத நேரம், மேசைக்குப் பின்னால் கூப்பிட்டு எனக்குக் குழாயைக் காட்டினான். கெக்கிலிருந்து டெப்புக்கு வரும் குழாயின் ஒரு துண்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். உள்சுவரில் மெல்லிய பழுப்புப் படலம்.

"இதுதான் சேர் எல்லாத்தையும் கெடுக்கிறது. கம்பனியில நல்லாத்தான் அனுப்புறாங்க. ரெண்டு கிழமைக்கு ஒருக்கா இதைக் கழுவாட்டி, மோந்து பார்த்தாலே புளிக்கும்."

அவனிடம் ஒரு கொப்பி இருக்கிறது. வெண்ணெய் வாசம் வந்தால் டைஅசற்றைல். மதுவம் தன் வேலையை முடிக்குமுன் அவசரப்பட்டு எடுத்தால் தங்கிவிடும், இன்னும் சில நாள் விட்டுவைத்தால் மதுவமே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். பச்சை ஆப்பிள் வாசமும் அவசரத்தின் அடையாளம். நனைந்த காட்போட் வாசம் வந்தால் ஒட்சிசன் புகுந்திருக்கிறது. வெயிலில் வைத்த பச்சைப் போத்தலில் நாற்றம் எடுத்தால், பியரில் சேர்க்கும் ஹொப்ஸ் பூவின் கசப்புப் பொருளை வெளிச்சம் உடைத்துவிட்டது. பழுப்புப் போத்தல் அதற்காகத்தான். இதையெல்லாம் அவன் போனில் தேடிப் படித்து, தமிழில், கோணல் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறான். பரீட்சையில் மூன்று பாடம் கோட்டைவிட்ட பிள்ளை அவன். அந்தக் கொப்பியைப் பார்த்தபோது, அவனுக்கு நான் படிப்பித்த வருடங்களில் எங்கள் பாடத்திட்டம் அவனுக்கு உதவும் ஒரு கேள்வியைக்கூடக் கேட்டதில்லை என்று வருத்தமாக இருந்தது.

அவன் மனத்தில் இருப்பது, என்றைக்காவது ஊவாவில் ஒரு சிறு மதுவாலை. முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு யோசித்தேன். எல்ல 1,041 மீற்றரில் இருக்கிறது. வருடம் முழுவதும் காற்று ஏறத்தாழ 20 பாகையைச் சுற்றியே நிற்கும். மேலே மிதந்து நொதிக்கும் ஏல் வகை மதுவத்துக்கு 18 முதல் 22 பாகைதான் உகந்த வெப்பநிலை. குளிரூட்டுவதற்கு மின்சாரத்தைக் கொட்டாமல் சுவர் தடித்த ஒரு கட்டடத்திலேயே பாதி வேலை நடக்கும். இன்னொரு பக்கம், இந்த உயரத்தில் நீர் 100 பாகையில் கொதிக்காது, 96 சொச்சத்திலேயே கொதித்துவிடும். ஹொப்ஸின் கசப்பு கரைந்து நிலைப்பதற்குக் கொதியின் சூடுதான் வேண்டும். சூடு குறைந்தால் அது மந்தமாகும், ஆகவே நேரத்தையோ ஹொப்ஸையோ கூட்ட வேண்டும். கீழ்நாட்டுக்கு எழுதிய செய்முறையை மலையில் அப்படியே செய்தால் தப்பும். நீரும் அப்படித்தான். வெலிமடைப் பக்கம் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. ஒரு ஊற்று மென்னீராக இருக்கும், அடுத்தது கடினமாக இருக்கும். சோதிக்காமல் எதையும் சொல்ல முடியாது.

அளவிடுவதைப் பற்றியும் அவனுக்குச் சொன்னேன். காய்ச்சிய மோல்ட் (முளைகட்டிய பார்லி) நீரில், அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரை விட்டால் 1.048 என்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நொதித்து முடிந்தபின் அதே மானி 1.010இல் நின்றால், அந்தப் பியரில் எதனோல் ஏறத்தாழ 5 வீதம். மானி நகர்வதை நிறுத்துமுன் போத்தலில் அடைத்தால், உள்ளே வாயு பெருகிப் போத்தல் வெடிக்கும். இப்படி அளந்து பார்க்கும் வழக்கம் எங்கள் கள்ளுக்கடையில் இருந்திருந்தால், பீப்பாய்க்குள் என்ன இருக்கிறது என்று எங்கள் ஆட்கள் கேள்வியாவது கேட்டிருப்பார்கள்.

ஆனால் லயத்தில் இன்றைக்கு அளந்து பார்த்துக் குடிக்கும் நிலைமை இல்லை. 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அந்த ஆண்டில் எல்லப் பாரில் ஒரு பெரிய பியர் அந்தச் சம்பளத்தின் பெரும்பகுதியை விழுங்கியது. சட்டப்படியான சாராயமும் வரி ஏறி ஏறிக் கைக்கு எட்டாமல் போய்விட்டது. மிச்சமிருப்பது கசிப்பு என்ற கள்ளச் சாராயம், அடுத்தது சீனியும் மதுவமும் கலந்து மரமே பார்க்காமல் செய்த செயற்கைக் கள்.

கசிப்பு வடிப்பதற்காகப் புளிக்கவைக்கும் கோடாவைப் பற்றிப் பேசும்போது எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. மதுவம் உடல் வளர்க்க நைதரசன் வேண்டும். பார்லி மோல்டில் அமினோ அமிலங்களாக அது இயற்கையாகவே உண்டு. வெள்ளைச் சீனித் தண்ணீரில் துளியும் கிடையாது. மதுவம் பட்டினி கிடந்து, கோடா பொங்காமல் நிற்கும். அதற்குக் காய்ச்சுகிறவன் கண்டுபிடித்த வழி, தேயிலைக்குப் போடும் யூரியாவை ஒரு பிடி அள்ளிப் போடுவது. மதுவம் துள்ளிக்கொண்டு வேலை செய்யும். ஆனால் யூரியாவும் எதனோலும் சேர்ந்தால் எதைல் காபமேற்று உண்டாகும், சூடாக்கினால் இன்னும் வேகமாக உண்டாகும். கசிப்பு முழுவதும் சூட்டில் பிறப்பது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அந்தப் பொருளை மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் தரக்கூடியவற்றின் வரிசையில் வைத்திருக்கிறது. எங்கள் பெண்கள் முதுகில் கொழுந்துக்கூடையோடு நிற்கும் அதே மலைக்கு வந்த உரமூட்டை, இரவில் அவர்களின் கணவன்மாரின் கிளாஸில் இருக்கிறது. பொலிஸ் வந்து பீப்பாயைக் கவிழ்க்கும், பத்திரிகையில் படம் வரும். அதில் என்ன கலந்திருந்தது, குடித்தவனுக்கு என்ன ஆகும் என்று லயத்துக்கு வந்து தமிழில் சொல்ல ஒருவரும் வரமாட்டார்கள்.

பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1979இல் வந்த ஒரு விதி பெண்கள் மது வாங்குவதையும் மதுக்கடையில் வேலை செய்வதையும் தடுத்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார், சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். எல்லப் பார்களில் வெளிநாட்டுப் பெண்கள் விரும்பியதை வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் தடுக்கவில்லை, தடுக்கவும் வேண்டாம். என் கேள்வி வேறு. குடியால் அதிகம் நொந்தவர்கள் தோட்டத்துப் பெண்கள். மதுச் சட்டம் பற்றி நடந்த எந்தப் பேச்சிலும், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டதாக நான் அறியவில்லை. எந்தக் கடை எங்கே வரலாம், என்ன விற்கலாம் என்று அவர்களைக் கேட்டிருந்தால், பல லயங்களுக்குப் பக்கத்தில் கடை இருந்திருக்காது, இருந்த கடையில் தண்ணீர் கலந்த பீப்பாயும் இருந்திருக்காது.

பதுளையில் 2005இலிருந்து ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே நுண்ணுயிர் படிக்கும் பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள் இது: கித்துள் பானையின் மண்டியை எடுத்து எந்த மதுவம் என்று பாருங்கள். அதைச் சேமித்து வையுங்கள். மரம் ஏறுகிறவர்களுக்கே திருப்பிக் கொடுங்கள். கசிப்புக் கோடாவையும் சோதித்து, முடிவைத் தோட்டத்துக் கோயில் வாசலில் தமிழில் வாசியுங்கள்.

மாணவனுக்கு வேறு வேலை கொடுத்திருக்கிறேன். மதுவரித் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் ஒரு போத்தல்கூடக் காய்ச்சக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அவனும் ஒப்புக்கொண்டான். ஆனால் அற்ககோல் வரைக்கும் போகாமலே படிக்க நிறைய இருக்கிறது. ஊவாவின் சேனைகளில் விளையும் குரக்கனை இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் முளைகட்டி, உலர்த்தி அரைத்துக் கொண்டுவரச் சொன்னேன். சாதாரண குரக்கன் மாவில் கட்டிக் கஞ்சி காய்ச்சி, 65 பாகைக்கு ஆறவிட்டு, முளைமாவைக் கலந்தோம். கரண்டி நிற்கும் அளவுக்கு இருந்த கஞ்சி சிறிது நேரத்தில் கண்முன்னே இளகித் தண்ணீராகியது. முளையில் பிறந்த அமிலேசு நொதியம் மாப்பொருளை வெட்டிச் சீனியாக்குகிறது. பீங்கானில் ஒரு சொட்டு எடுத்து அயடீன் விட்டால் முதலில் கருநீலம். நேரம் போகப் போக நிறம் மங்கிப் பழுப்பாக வேண்டும். எங்களுக்குப் பாதியிலேயே நின்றுவிட்டது.

"சூடு இறங்கிருச்சு சேர்," என்றான். அவன் சொன்னது சரி. சட்டி திறந்து கிடந்தது, மலைக்காற்று அதை 50 பாகைக்குக் கீழே கொண்டுவந்துவிட்டது. அடுத்த முறை தேத்தண்ணீர் பிளாஸ்க்கில் ஊற்றி மூடி வைப்பதாகச் சொல்லி, வெப்பமானியைக் கடனாக வாங்கிக்கொண்டு இரவு வேலைக்குப் போனான்.